வேலியோரத்து அறை

ஜூன் 11, புதன்கிழமை

மாலையில் பக்கத்து வீட்டு யோகம் அன்ரி நகரக் கவுன்சில் அனுப்பிய கடிதக் கட்டோடு வந்தார். "பிள்ளை, இந்த இங்கிலீசு எனக்கு விளங்கேல்லை. ஒருக்கா வாசிச்சுச் சொல்லு."

அங்கிளுக்குப் பக்கவாதம் வந்தபின் மாடிப்படி ஏற முடியவில்லை. கீழே ஓர் அறை கட்ட வேண்டும். வேலியிலிருந்து விட வேண்டிய இடைவெளியைக் குறைத்துத் தரும்படி கேட்டிருந்தார்கள். கொடுக்கலாம் என்றுதான் அதிகாரி எழுதியிருக்கிறார். ஆனால் ஓர் ஆட்சேபனை வந்ததால் கவுன்சிலர்கள் கூடித்தான் முடிவெடுப்பார்களாம்.

அந்த ஆட்சேபனை நான் போட்டது. இங்கே ஜூன்தான் குளிர்காலம்; இந்தக் குளிருக்குள் நான் சமைக்கும் குசினிக்கு வரும் கொஞ்ச வெயிலும் போய்விடுமே என்ற கோபத்தில் இணையத்தில் எழுதினேன். இரகசியமாக இருக்கும் என்று நினைத்தேன். வாசிக்காமலே படிவத்தின் எல்லாப் பெட்டியிலும் சரி போட்டிருப்பேன். இப்போது இரண்டாம் பக்கத்தில் என் முழுப் பெயரோடு அவர்களுக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

"ஆர் பிள்ளை அது?"

"பேர் போடேல்லை, அன்ரி."

"நாசமாப் போவான்," என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். "கூட்டத்துக்கு நீதான் வந்து எங்களுக்காகக் கதைக்க வேணும்."

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

"அப்ப இது உன்னட்டையே இருக்கட்டும். அவசரமில்லாம ஆறுதலா வாசி. ஞாயிறு மகன் வெரிபீயிலயிருந்து வந்து பாப்பான்."

கட்டு மேசையில் கிடக்கிறது. அந்தத் தாளை மட்டும் உருவிவிடலாமா என்று பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இலக்கம் போட்டிருக்கிறார்கள்.