கால் எட்டாத பெஞ்சு

14.7.1998, செவ்வாய்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மூளைவாதம் வந்த ஆறு வயது மகள் செல்வியை மேலூரிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவுக்கு அவள் அம்மா தூக்கி வந்திருந்தாள். மாணவர்களுக்குக் காட்டுவதற்காகப் பெரிய டாக்டர் அவளை உயரமான பெஞ்சில் உட்காரவைத்து, சொல்லாமல் தோளில் தள்ளினார். குழந்தை அப்படியே சரிந்தாள். நான்தான் தாங்கிப் பிடித்தேன்.

"பாத்தீங்களா, பேலன்ஸே இல்ல" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"கால் தரையில படல சார். பலகை வச்சுப் பாப்போம்" என்றேன்.

"எனக்குச் சொல்லித்தர வேணாம்மா" என்றபடி கிளம்பிவிட்டார்.

அந்த அம்மா அவர் பின்னாலேயே போய்க் கும்பிட்டாள். "தப்பா நெனைக்காதீங்க சார். வீட்டுல நல்லாத்தான் உக்காருவா."

எதற்காக இவள் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

காலடியில் பலகையை வைத்து நான் தள்ளிப் பார்த்தேன். செல்வி ஆடினாள், கையை ஊன்றினாள், நிமிர்ந்துவிட்டாள். "இன்னொருக்கா தள்ளுங்கக்கா" என்று சிரித்தாள்.

அவள் அம்மா அதைப் பார்க்கவே இல்லை. "பெரிய டாக்டரே இல்லன்னுட்டாரு. இனி எதுக்கு அம்புட்டுத் தூரம் தூக்கிட்டு அலையணும்?"

வெள்ளிக்கிழமை கட்டாயம் வரச் சொன்னேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் வராவிட்டால் அந்த மனுஷனை நான் சும்மா விடமாட்டேன்.