404-ஆம் எண் வீட்டுக் கண்காணிப்புப் பெட்டிக்கு வேறு மின்கருவி பொருத்த அனுமதி கோருதல்

அனுப்புநர்:
தொகிவா யசுஹிகோ (வயது 79),
எண் 404, மூன்றாம் கட்டடம்,
நகராட்சிக் குடியிருப்பு, குசுமோரி.

பெறுநர்:
உயர்திரு பிரிவுத் தலைவர் அவர்கள்,
முதியோர் நலப் பிரிவு,
குசுமோரி நகராட்சி.

பொருள்: கண்காணிப்புப் பெட்டியால் என் வானொலி ஏற்பிக்கு ஏற்படும் இரைச்சல் – நானே செய்த மின்கருவியை (மின்சாரத்தை மாற்றித் தரும் அடாப்டர்) பொருத்த அனுமதி – திருமதி செரிசாவாவின் வருகை – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக எச்சரிக்கைக் கடிதம், நாள் 6 நவம்பர்.

மதிப்பிற்குரிய ஐயா,

பெட்டியின் இணைப்பை ஏழு முறை துண்டித்தேன் என்றும், எட்டாவது முறை நடந்தால் என் பெயர் தனித்து வாழ்வோர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்றும் பார்வையில் கண்ட கடிதம் கூறுகிறது. ஏழு முறை என்பது உண்மை. ஏன் என்று கடிதத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே சொல்கிறேன்.

1. நான் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளின் வானொலிக் கருவிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். யாருக்கும் வேண்டாமல் போன அலைவரிசை ஏற்பிகளை வாங்கிச் செப்பனிடுவது என் பொழுதுபோக்கு. ஃபுகுஷிமா மலையிலிருந்து, கடிகாரங்களுக்குச் சரியான நேரம் சொல்லும் வானொலி அலை ஒன்று இடைவிடாமல் வருகிறது. என் ஏற்பி அந்த அலையோடு என் வீட்டுக் கடிகாரப் படிகத்தின் துடிப்பை ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் காகிதச் சுருளில் பேனாவால் கோடாக வரையும். படிகம் ஒழுங்காக இருந்தால் கோடு நேராக ஓடும். விடியும்போதும் அந்தி சாயும்போதும் வானத்தின் மேலடுக்கு மாறுவதால் கோடு சற்று வளைந்து, மீண்டும் நேராகும். பார்ப்பதற்கு இவ்வளவுதான்.

2. இதே பைத்தியம் பிடித்த இன்னொருவர் அகிதாவில் இருந்தார். பெயர் நுகாதா. இருபத்திரண்டு ஆண்டுகள் நாங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாரத்துக் காகிதச் சுருளைத் தபாலில் மாற்றிக்கொண்டோம். அவர் கோட்டை என் கோட்டின் மேல் வைத்து சன்னல் வெளிச்சத்தில் பார்ப்பேன். இரண்டும் ஒரே இடத்தில் வளைந்திருந்தால் அது வானத்தின் வேலை. ஒன்று மட்டும் வளைந்திருந்தால் எங்களில் ஒருவர் தவறு செய்திருக்கிறோம். பெரும்பாலும் நான்தான். "தொகிவா, மறுபடியும் ஏற்பி பக்கத்துல ஹீட்டர வெச்சியா? உன் கோடு வேர்த்துப் போய் வருதுய்யா" என்று தொலைபேசியில் திட்டுவார். நேரில் நாங்கள் சந்தித்தது இரண்டே முறை.

3. நுகாதா சென்ற ஆண்டு மார்ச்சில் காலமானார். அவர் பாதி வேலையில் விட்டிருந்த ஏற்பியை அவர் மகள் எனக்கு அனுப்பிவைத்தார். கப்பல்களுக்கு வழிகாட்டிய ஒரு நிலையத்துக்காகச் செய்த கருவி அது. அந்த நிலையத்தை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதை ஃபுகுஷிமா மலையலைக்கு மாற்றும் வேலையை அவர் தொடங்கியிருந்தார். முடிக்க எனக்குப் பதினோரு மாதங்கள் ஆயின. வறண்டுபோன மின்தேக்கிகள் முப்பத்தொன்றை மாற்றினேன், உள்வாங்கும் சுருளைப் புதிதாகச் சுற்றினேன், பேனா மோட்டாரில் இறுகிக் கல்லான மசகைச் சுரண்டி எடுத்தேன். செப்டம்பர் 9 அன்று அது முதல் கோட்டை வரைந்தது. நேரான கோடு. சொல்ல ஆளில்லாததால் அரிசிக் கஞ்சி வைத்துக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

4. செப்டம்பர் 12 அன்று நான் கண் மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, தங்கள் ஊழியர் திரு. ஒஷிமி நகராட்சியின் மாற்றுச் சாவியால் திறந்து எங்கள் கட்டடத்தில் ஆறு வீடுகளில் பெட்டி பொருத்தினார். கழிவறைக் கதவு பன்னிரண்டு மணி நேரம் திறக்கப்படாவிட்டால் பெட்டி நகராட்சிக்குச் செய்தி சொல்லும். நான் கழிவறைக்குப் போவதில் நகராட்சிக்கு இவ்வளவு அக்கறை இருப்பது குறித்து எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று மாலை வந்து பார்த்தால், இரண்டு ஏற்பிகளின் காகிதமும் கோழி கிளறிய மண்ணாக இருந்தது. திரு. ஒஷிமியிடம் தொலைபேசியில் கேட்டேன். "பெட்டிக்குக் கரன்ட்டே வேண்டாங்கய்யா. அது பேட்டரில ஓடுது" என்றார். அரசு ஊழியர் சொன்னால் நம்புகிறவன் நான்.

5. இங்கே என் பிழையை நானே ஒப்புக்கொள்ள வேண்டும். இரைச்சல் கிளப்பும் இலேசான மின்கருவிகள் அனைத்தையும் என் வீட்டிலிருந்து எப்போதோ வெளியேற்றிவிட்டேன். என்னிடம் இருப்பவையெல்லாம் இரும்பு உள்ளகம் வைத்த கனமான பழையவை. ஆகவே என் வீடு சுத்தம், குற்றவாளி வெளியே என்று முடிவு கட்டினேன். வளைய ஆன்டெனாவைக் கையில் ஏந்தி இரண்டு வாரங்கள் மாடி மாடியாக அலைந்து, 304-இல் இருக்கும் திருமதி மொகாமியின் புதிய மின்னடுப்பின் மேல் பழி போட்டேன். அவர் நல்ல பெண்மணி, ஒரு வாரம் அடுப்பை அணைத்து வைத்தார். இரைச்சல் குறையவில்லை. "உங்க பேச்சக் கேட்டு ஏழு நாளு ஆறிப்போன சோத்தத் தின்னேன். இப்ப உங்க வீட்ட ஒரு தடவ பாருங்களேன்" என்றார். ஐம்பது ஆண்டுகளாக ஊரார் படகில் எல்லாம் இரைச்சலைத் தேடிக் கண்டுபிடித்தவன் என் வீட்டில் மட்டும் தேடவில்லை.

6. அக்டோபர் 4 அன்று என் வீட்டு மின்சாரம் முழுவதையும் நிறுத்தி, ஏற்பியை கார் பேட்டரியில் ஓட்டினேன். கோடு உடனே நேரானது. பிறகு குளிர்பதனப் பெட்டியை நகர்த்திப் பார்த்தபோது, அதன் பின்னால் கண்காணிப்புப் பெட்டியின் மின்கருவி சொருகப்பட்டிருந்தது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். திரு. ஒஷிமி சொன்ன பேட்டரி, மின்சாரம் போனால் சில மணி நேரம் தாங்குவதற்கு மட்டும். மின்கருவியைப் பிடுங்கி வைத்தேன்.

7. அன்று பிற்பகல் பேட்டரியும் தீர்ந்து பெட்டி அடங்கிவிட்டதால், எங்கள் பகுதி நலத் தொண்டர் திருமதி செரிசாவா நான்கு மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார். "தொகிவா ஐயா! உசுரோட இருந்தா ஒரு குரல் குடுங்க. இல்லாட்டி சாவிய எடுக்கணும், அது பையோட அடியில கெடக்கு" என்றார். குரல் கொடுத்தேன். அவருக்கு மூச்சு வாங்கியதால் உட்காரச் சொன்னேன். தேநீர் குடித்தார். காகிதச் சுருளைக் கையில் எடுத்து, "இந்த எடத்துல ஏன் வளையுது?" என்று கேட்டார். விடியற்காலை என்றேன். "எல்லா நாளும் இதே எடத்துலயா?" என்றார். இல்லை, நாளுக்கு நாள் கொஞ்சம் நகரும் என்றேன். நாற்பது நிமிடங்கள் இருந்தார்.

8. திரு. ஒஷிமி அக்டோபர் 16 அன்று நேரில் வந்தார். இரைச்சலைக் காட்டினேன். தம் கைபேசியை நீட்டி, "நேரம் தெரியணும்னா இதுலயே இருக்குங்களே" என்றார். எனக்கு நேரம் தெரிய வேண்டியதில்லை, ஐயா. எனக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. நுகாதாவின் கருவியும் என் கருவியும் ஒரே அறையில் ஓடுகின்றன. சனிக்கிழமைகளில் அந்த இரண்டு கோடுகளையும் நானே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன். ஒத்துப்போகின்றன. ஒரே ஆள் வரைந்தால் ஒத்துப்போகத்தானே செய்யும்! ஆனாலும் அதையாவது பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. இரைச்சல் இருந்தால் அதுவும் இல்லை.

9. இப்போது பெட்டிக்கென்றே இரும்பு உள்ளகம் வைத்த மின்கருவி ஒன்றை நானே செய்துவிட்டேன். ஐந்து வோல்ட், பெட்டிக்குத் தேவையான அதே அளவு. சூடாவதில்லை, இரைச்சலும் இல்லை. 72 மணி நேரம் சோதித்த பதிவை இணைத்துள்ளேன். ஆனால் அலுவலகம் தந்த மின்கருவியைத் தவிர வேறெதையும் சொருகக் கூடாது என்று விதி இருப்பதாகச் சொல்கிறார்கள்.

10. ஏழு முறை என்பதற்கு விளக்கம் தருவதாகச் சொன்னேன். முதல் மூன்று முறை இரைச்சலின் ஊற்றைக் கண்டுபிடிக்கவும் உறுதிசெய்யவும் துண்டித்தேன். மூன்றாவது முறையோடு எனக்கு விடை தெரிந்துவிட்டது. எஞ்சிய நான்கு முறைகளையும் திரு. ஒஷிமியிடம் சோதனை என்று சொன்னேன். அது பொய். காலையில் சொருகியைப் பிடுங்கிவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைத்து, படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு முறை அரிசி அப்பளமும் வாங்கி வைத்திருந்தேன். இது வெட்கத்துக்குரியது. திருமதி செரிசாவாவிடம் இதை நான் சொல்லவில்லை. தாங்களும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே பின்வருவனவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

அ) நான் செய்த மின்கருவியைத் தங்கள் பொறியாளர் ஒருவர் பார்வையிட்டு, பெட்டிக்குப் பொருத்த அனுமதிக்க வேண்டும். அதன்பின் இணைப்பை ஒருபோதும் துண்டிக்க மாட்டேன். எழுதியே கொடுத்துவிட்டேன்.

ஆ) என்னால் ஒரு வாரம் ஆறிய சோறு தின்ற திருமதி மொகாமியின் மேல் புகார்ப் பதிவு ஏதும் இருந்தால் நீக்க வேண்டும்.

இ) அனுமதி கிடைத்தால் பெட்டி இனி அடங்காது. பழுதாகவும் ஆகாது, நான் செய்த கருவி அப்படி. கடைசிக் கம்பியைப் பற்றவைத்து முடித்த பிறகுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது: திருமதி செரிசாவா இங்கு வருவதற்கு இனிக் காரணமே இராது. ஆகவே, பெட்டியின் எச்சரிக்கை எதுவும் இல்லாமலேயே மாதம் ஒருமுறை 404-ஆம் எண்ணுக்கு வருமாறு அவருடைய பணிப்பட்டியலில் சேர்க்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அவருக்கு முழங்கால் வலி உண்டு. மாடி ஏறுவது சிரமம் என்றால் நாளும் நேரமும் மட்டும் சொல்லி அனுப்பட்டும், நானே கீழே இறங்கி வந்து நிற்கிறேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தொகிவா யசுஹிகோ
(கையொப்பமும் முத்திரையும்)

இடம்: குசுமோரி
நாள்: 18 நவம்பர் 2024

இணைப்பு: காகிதச் சுருள் நகல்கள் – 4, மின்கருவியின் வரைபடம் – 1, 72 மணி நேரச் சோதனைப் பதிவு – 1, துண்டிக்க மாட்டேன் என்ற உறுதிமொழி – 1.