பட்டுச்சேலை பையில் வராது

திருச்சுழி வட்டம்,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

அழகுத்தாய் எழுதிக்கொள்வது. இங்கே நானும் முகேஷும் சுகம். ஆடுகளும் சுகம். நீங்கள் நாக்பூரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரை படிக்க வேண்டும். இந்த இரண்டையும் சாமியிடம் வேண்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் முக்கியமான பேச்சை எடுத்தால் போதும், உங்களுக்கு எண்ணெய் காய்ந்துவிடுகிறது. 'சட்டியில முறுக்கு கெடக்கு, வையி' என்று வைத்துவிடுகிறீர்கள். பொண்டாட்டி வாயைத் திறக்கிற நேரம் பார்த்துக் காய்கிற எண்ணெயை உங்கள் முறுக்குக் கம்பெனியில் மட்டும்தான் பார்க்கிறேன். அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற காளீஸ்வரன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் பக்கத்து அடுப்பில் நிற்கிறவன்தானே. நீங்கள் படித்து முடிக்கிற வரைக்கும் உங்கள் சட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

நம் பிள்ளையின் கல்யாண வேலைகள் நடக்கின்றன. அருப்புக்கோட்டை மண்டபத்துக்காரர் பேச்சு மாறவில்லை. சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. காரியாபட்டியில் சம்பந்தி வீட்டுக்குப் போய் வந்தேன். நல்ல மனுஷர்கள். முகேஷ் மதுரையில் ஏசி ரிப்பேர் வேலையை விட்டுவிட்டு ஒரு நாள்கூட வீட்டில் நிற்க மாட்டேன் என்கிறான். மாப்பிள்ளை ஆகிற வயதில் நீங்களும் அப்படித்தான் இருந்தீர்கள் என்று திருச்சுழி மதினி சொல்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில் நீங்கள் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன். 'தாலி கட்டி முடிஞ்சதும் பொண்ண திருச்சுழில அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. அங்கன வச்சு சாதாச் சேலை மாத்தச் சொல்லு. பட்ட பையில வச்சு, வேன கம்மாக்கரை வழியா காலனிக்கு விட்டுரு. என் பட்டு வேட்டியையும் பையில எடுத்துட்டு வா, மண்டபத்துல கட்டிக்கிறேன். நல்ல நாளும் அதுவுமா வம்பு வேணாம்.' இதுதானே நீங்கள் சொன்னது?

நம் ஊரில் பட்டுக் கட்டக் கூடாது என்று யாரும் நமக்குச் சட்டம் போடவில்லை. போட்டிருந்தால் அதைக் கிழித்துப் போட்டிருப்போம். ஊர் நடுவில் மந்தையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பார்க்கிற பார்வைதான் சட்டம். 'என்னத்தா, ரோடே மின்னுது' என்று ஒரு பேச்சு வரும். பக்கத்தில் ஒரு சிரிப்பு வரும். அடுத்த வாரம் பருத்தி எடுக்க நம்மை மட்டும் கூப்பிட ஆள் வராது. அதற்குப் பயந்துதான் நம் காலனிப் பெண்கள் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சாதா வாயில் சேலையில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் யார் வீட்டிலாவது பட்டுக்கு மாறி, திரும்பும்போது மறுபடியும் வாயில் சேலைக்கு மாறி வருகிறோம். ஊர்த்தெருவுக்குக் கல்யாணமாகி வருகிற பொண்ணு மாப்பிள்ளை பஸ் ஸ்டாப்பில் இறங்கி, மந்தைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, மேளத்தோடு நடந்து போகிறார்கள். நம் பிள்ளைகள் கம்மாக்கரை வழியாகப் புழுதியில் வேனில் வந்து இறங்குகின்றன.

நீங்கள் சொன்னபோது நானும் சரி என்றுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை. பழகிப்போன புத்தி அப்படித்தான் சொல்லிற்று.

மறுநாள் மருமகள் சத்யபிரியா போன் செய்தாள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிற வேலை முடிந்து, மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பேசினாள். 'அத்தை, முகூர்த்தப் பட்ட நடுவுல மாத்தணும்னு உங்க பிள்ளை சொன்னாக. அவ்வளவு நல்ல சரிகை, கசங்கிரக் கூடாதுல்ல, எப்படி மடிச்சு எந்தப் பையில வைக்கணும்?' என்று கேட்டாள். பாவம், சேலை கெட்டுவிடக் கூடாதே என்கிற கவலை அவளுக்கு.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கேட்கிறாளே என்று மடமடவென்று சொல்ல ஆரம்பித்தேன். அவிழ்த்த சூட்டோடு மடிக்காதே, நிழலில் ஆறப் போடு, வேர்வை ஈரம் இருந்தால் சரிகை கறுத்துப்போகும். சரிகை உள்பக்கம் இருக்கும்படி மடி. மடிப்புக்கு நடுவில் பழைய வெள்ளை வேட்டித் துணியைக் கொடு, கஞ்சி போட்ட வேட்டி ஆகாது. பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது. பையில் நிறுத்தி வைக்காமல் படுக்கப் போடு. மேலே ஒரு தாளை விரித்து, அதற்கு மேலே இரண்டு கட்டு கீரையை வைத்துக்கொள் என்றேன்.

பிறகு அவள் கேட்டாள், 'கீரை எதுக்கு அத்தை?'

மாமா, பை சந்தைக்குப் போய் வருகிற பை மாதிரித் தெரிவதற்காக என்று அந்தப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? பட்டுச்சேலையைப் பத்திரமாக மடிப்பது எப்படி என்று கேட்டவளுக்கு, திருட்டுச் சாமானை ஒளித்துக் கொண்டுவருவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதையும் தடங்கல் இல்லாமல், பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டேன். எனக்கே கூசிப்போயிற்று. 'பெறகு பேசுறேன்மா' என்று நானும் உங்களைப் போலவே போனை வைத்துவிட்டேன்.

நம் கல்யாணத்தன்று நடந்தது உங்களுக்குத் தெரியாதது இல்லை. இதே மதினி வீட்டு அடுப்படியில் வைத்து உங்கள் அம்மா என் சேலையை அவிழ்க்கச் சொன்னார்கள். கழுத்தில் மாலை வாடவில்லை. புதுத்தாலி மஞ்சள் ஈரம் காயவில்லை. நீலத்தில் ஒரு வாயில் சேலையைக் கொடுத்துக் கட்டிக்கொள் என்றார்கள். என் பட்டைச் சுருட்டிப் பையில் வைத்து, மேலே ஆட்டுக்கு வாங்கின அகத்திக்கீரையை வைத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கீரைத் தண்ணீர் இறங்கி முந்தியெல்லாம் பச்சைக் கறை. கீரைக்குக் கீழே தாள் வைக்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குப் பட்டு என்று ஒன்று கையில் வந்ததே அன்றைக்குத்தான். ஆனால் ஊரெல்லாம் புதுப்பெண்ணாக வந்து இறங்குகிறார்கள், நான் மட்டும் களை எடுத்துவிட்டு வருகிறவள் மாதிரி இந்த ஊருக்குள் வந்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

போனை வைத்த அன்று சாயங்காலமே சத்யபிரியாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். பை வேண்டாம். கட்டின சேலையோடு வா. பஸ் ஸ்டாப்பில் இறங்குகிறோம், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம், மந்தை வழியாக நடந்து வீட்டுக்குப் போகிறோம். 'சரிங்கத்தை' என்றாள். அப்புறம், 'வெயிலா இருக்குமா அத்தை, செருப்புப் போட்டுக்கிறவா?' என்று கேட்டாள். போட்டுக்கொள் என்றேன். முகேஷ், 'அப்பாகிட்ட யாரும்மா சொல்றது?' என்றான். உன் அப்பனை எனக்குத் தெரியும், நீ மாலையை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு நட என்றேன்.

ஊரில் பேச்சு நிற்குமா? உக்கிரபாண்டி ஐயா வீட்டுச் சந்தனம்மாள் தங்கள் பருத்திக் காட்டில் நான் எடுக்கிற நிரை வரைக்கும் வந்து நின்றார்கள். 'ஏ அழகு, புதுப்பொண்ண கம்மாக்கரை வழியாவே கூட்டிட்டு வாயேன். இந்த வெயில்ல பச்சப்பிள்ளைய எதுக்கு நடக்க விடுற?' என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார்கள். 'வெயிலுதான்னா குடை பிடிச்சுக்கிறோம்மா' என்றேன். முகம் மாறிவிட்டது. 'எங்க வீட்டுல அவுக கோவக்காரக, தெரியும்ல' என்றார்கள். 'எங்க வீட்டுல இவுகளும் கோவக்காரகதான்மா' என்று சொல்லிவிட்டுக் குனிந்து பருத்தியை எடுத்தேன். உங்களைப் பற்றி இவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னதற்குச் சாமி என்னை மன்னிக்கட்டும்.

மறுநாளிலிருந்து அந்தக் காட்டுக்கு என்னைக் கூப்பிட ஆள் வரவில்லை. இதைக் கேட்டதும் 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று அங்கே தலையில் கை வைக்காதீர்கள். ஷேர் ஆட்டோ பிடித்து எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பருத்தி எடுக்கப் போகிறேன். அங்கேயும் செடி இதே உயரம்தான், முள்ளும் இதே மாதிரிதான் குத்துகிறது.

முகேஷின் சேக்காளி ராஜகுரு, ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம் என்கிறான். சொல்லி வைக்கட்டும், நல்லதுதான். ஆனால் இரண்டு பக்கமும் போலீஸ்காரர் நிற்க நடக்க எனக்கு ஆசையில்லை. நாம் என்ன கோட்டையையா பிடிக்கப் போகிறோம்? கல்யாணம் முடிந்து வீட்டுக்குத்தானே போகிறோம்.

பக்கத்து வீட்டுத் தங்கச்செல்வி முதலில் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். 'ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா மதினி' என்றாள். நேற்று டிரங்குப் பெட்டியிலிருந்து தன் பட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருக்கிறது. பையிலேயே கிடந்து, மடித்த இடத்திலேயே மடித்து மடித்துப் போன சேலை. 'இது கல்யாணம் வரைக்கும் தாங்குமா மதினி? நானும் வீட்டுல இருந்தே கட்டிட்டு பஸ் ஏறலாம்னு இருக்கேன்' என்றாள். இரண்டு பேருமாக உட்கார்ந்து உள்பக்கம் துணி கொடுத்துத் தைத்திருக்கிறோம். அவளைப் பார்த்து இன்னும் சிலபேர் கேட்கிறார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரவர் பாடு அவரவருக்கு.

மாமா, ஒன்றே ஒன்று எழுத வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன். நீங்கள் விடலைப் பிள்ளையாக இருந்தபோது ஒரு பொங்கலுக்கு, முதல் சம்பளத்தில் வாங்கின பட்டுக்கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு மந்தை வழியாகப் போனீர்களாம். அதை அங்கேயே அவிழ்க்க வைத்தார்களாம். வீடு வரைக்கும் டவுசரோடு நடந்து வந்தீர்களாம். நீங்கள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. மதினிதான் அழுதுகொண்டே சொன்னார்கள், நம் முகேஷ் பிறந்த சமயத்தில். இத்தனை காலம் எனக்குத் தெரியும் என்பதை நானும் காட்டிக்கொள்ளவில்லை. நீங்கள் ஊரை விட்டு அவ்வளவு தூரம் போய் அடுப்பு முன்னால் வேகிறதற்கு முறுக்கு மட்டும் காரணம் இல்லை என்றும் எனக்குத் தெரியும். உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அன்று நீங்கள் தனியாக இருந்தீர்கள், அவ்வளவுதான். அவர்கள் செய்த கேவலம் அவர்களுடையது. அதை நீங்கள் ஏன் இன்னும் சுமக்கிறீர்கள்?

உங்கள் பட்டு வேட்டி இஸ்திரி போட்டுத் தயாராக இருக்கிறது. முகேஷ் அதைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு முந்தின நாளே மண்டபத்துக்குக் கொண்டுவருவான். ரயிலை விட்டு இறங்கினதும் நேராக மண்டபத்துக்கு வந்துவிடுங்கள். கட்டிக்கொள்ளுங்கள். கட்டினதை வீட்டுக்கு வந்து சேருகிற வரை அவிழ்க்கக் கூடாது.

வேன் பஸ் ஸ்டாப்பில் நிற்கும். அப்போது உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால், உட்கார்ந்தபடியே கம்மாக்கரை வழியாக வீட்டுக்குப் போய்விடுங்கள். டிரைவரிடம் சொல்லி வைக்கிறேன். ஆரத்தித் தட்டை எடுத்து வைத்துக் காத்திருங்கள். ஏன் இறங்கவில்லை என்று நானும் கேட்க மாட்டேன், பிள்ளைகளையும் கேட்க விடமாட்டேன். சத்தியம்.

ஆனால் நாங்கள் இறங்குவோம். முகேஷ் இறங்குவான், சத்யபிரியா இறங்குவாள், நான் இறங்குவேன். என்ன சத்தம் வந்தாலும் நடந்துதான் வீட்டுக்கு வருவோம். உங்களுக்குப் பின்னால் நடந்து வரத்தான் எனக்கு ஆசை, மாமா. நீங்கள் இறங்காவிட்டால் முன்னால் நான் நடப்பேன். எப்படி நடக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது, அந்த வழியில் நான் இதுவரை குனிந்துதான் போயிருக்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் நிமிர்ந்து நடந்துவிடுவேன்.

இறங்கி வாருங்கள்.

உங்கள்
அழகுத்தாய்