மூன்றாவது குழாய் ரத்தம்

கள்ளக்குறிச்சி,
12-9-87

தம்பி அரங்கநாதனுக்கு, ஆத்தா துணையிருக்க அக்கா எழுதுவது.

மெட்ராசில் உன் ஆராய்ச்சிக்கூடத்தில் நீ திட்டியதை எல்லாம் உன் மாமா வந்து சொன்னார். மணிமொழி ரத்தத்தை ஐசில் வைத்து அனுப்பியது என் தப்புதான். கெடாமல் இருக்கட்டும் என்று சோடாக் கடையில் ஐஸ் வாங்கி மரத்தூளில் பொதிந்தேன். குளிர் பட்டால் ரத்தத்தில் நீ தேடும் அணுக்கள் வேலை செய்யாது என்று முன்னமே எழுத உனக்குக் கை வலித்ததா?

அம்மை ஒருவருக்கு ஒரு தடவைதான் வரும், நான் தேதியைக் குழப்பிவிட்டேன் என்கிறாய். ஆத்தா வந்த தேதி, இறங்கித் தண்ணி ஊற்றிய தேதி எல்லாம் அன்றன்றே நோட்டில் எழுதியவை. என் மகளுக்கு ஆறு வயதுக்குள் மூன்று தடவை. நகல் இத்துடன் இருக்கிறது, பார்.

வியாழக்கிழமை மறுபடி எடுத்து மாமாவிடம் அனுப்புகிறேன்.

கொளஞ்சியம்மாள்

28-9-87

தம்பிக்கு,

இடஒதுக்கீட்டு மறியலில் வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். மாமா ரெண்டு நாள் பஸ்ஸிலேயே குழாயை மடியில் வைத்துக்கினு உட்கார்ந்திருந்தார். “இன்னாங்க, அடை காக்கறீங்களா?” என்று கண்டக்டர் கேலி வேறு. கடைசியில் நடந்தே வூடு வந்தார். ரத்தம் போச்சு.

“மெட்ராஸ் மாமா என் ரத்தத்த இன்னா பண்றாரு, குடிக்கிறாரா?” என்கிறாள் மணிமொழி. உன் கடிதங்களில் ரத்தத்தைப் பற்றித்தான் விசாரிப்பு. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி உண்டா?

கொளஞ்சியம்மாள்

சென்னை,
3-10-87

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய தேதிகளைப் பேராசிரியரிடம் காட்டினேன். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது.

இயற்கைக் கொல்லி அணுக்கள் என்று ரத்தத்தில் ஒரு வகை உண்டு. எலும்பு மஜ்ஜையில் பிறந்து வளர்ந்து, கிருமி புகுந்த அணுவைக் கண்டதும் கொல்பவை. அவை மணிமொழிக்கு வளரவே இல்லையோ என்று சந்தேகம். அப்படியானால் இன்னொரு அம்மையை அவள் தாங்குவாளா, தெரியாது. இதைச் சொல்லப் பயந்துதான் ரத்தத்தைப் பற்றியே எழுதினேன்.

எடுத்த அன்றே சோதிக்க வேண்டும். இன்னொரு குழாய் அனுப்பு அக்கா.

அரங்கநாதன்

9-10-87

தம்பிக்கு,

அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு மாதம் வீணாகியிருக்குமா?

இனி குழாய் கிடையாது. மணிமொழியையே கூட்டிக்கினு வருகிறேன். ரத்தம் கெடாமல் இருக்க அவள் உடம்பைவிட நல்ல இடம் ஏது? ஆத்தாவிடம் பூப்போட்டுக் கேட்டேன், உத்தரவு கிடைத்தது. கிடைக்காவிட்டாலும் கிளம்பியிருப்பேன். ஆத்தா என்னைப் பொறுத்துக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை பஸ். நிலையத்தில் ஊசியோடு வந்து நிற்காதே. முதலில் அவளைத் தூக்கிக்கொள்.

உன் அக்கா
கொளஞ்சியம்மாள்