எட்டு வயசு சைஸ்

வெள்ளி, இரவு

தீபாவளிக்கு மகள் தர்ஷினியின் படத்துக்கு முன்னால் வைத்துப் படைக்கப் பாவாடை வாங்கப் போனேன். "பாப்பாவுக்கு என்ன வயசுங்க?" என்றார் கடைக்காரர். ஆறு வயதில் செத்துப்போனாள். இரண்டு வருடமாகிறது. ஆறு என்பதா, எட்டு என்பதா? வெறுங்கையோடு திரும்பிவிட்டேன்.

உப்பளத்தில் கூட வேலை செய்பவர்களிடம் சொன்னால், மறந்துடு என்பார்கள். சாயங்காலம், பிள்ளையைப் பறிகொடுத்த நாங்கள் கூடும் இடத்தில் சொன்னேன்.

"எட்டு வயசு சைஸே எடும்மா," என்றார், மகனைக் கடலுக்குக் கொடுத்த ஏழுமலை அண்ணன். "வளந்திருக்கும் இல்ல?"

"எம்மவனுக்கு பெருநாளுக்குப் பெருநாள் ஒரு சைஸ் கூட்டித்தான் எடுக்கிறேன்," என்றார் சலீமா அக்கா. "உன் பொண்ணு எவ்ளோ உயரம்?"

போகும்போது என் இடுப்பளவு இருந்தாள். அங்கேயே கையை வைத்துக் காட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கினார்.