சின்ன ஹாரன்

வேங்கிக்கால்,
8.10.2025

அன்புள்ள வேணு அண்ணனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். போனை அணைத்துப் போட்டுவிட்டு ஓசூர்க் கிடங்கில் மூட்டை தூக்கப் போய்விட்டவனை வேறு எப்படி விசாரிப்பது? அதனால்தான் கடிதம். ‘ஹாரன் அடிக்காமல் ஆட்டோவை இடித்த பஸ் டிரைவர்’ என்று ஊர் பேசினால், கூடப்பிறந்தவள் என்ன பாவம் செய்தேன்?

ஆவணிப் பௌர்ணமி கிரிவலத்தன்று விபத்து நடந்த திருப்பத்தில் அன்னதானப் பந்தல் இருந்ததே, அங்கே ஒரு பக்தர் எடுத்த வீடியோ கிடைத்திருக்கிறது. படத்தில் சாம்பார் வாளிதான் தெரிகிறது. ஆனால் சத்தத்தில் உன் பிரேக் கேட்கிறது, ஆட்டோ கவிழ்வதும் கேட்கிறது. மற்றதையெல்லாம் ஒலிபெருக்கிப் பாட்டு அமுக்கிவிட்டது.

கல்யாண வீடியோக்களுக்குச் சத்தத்தைச் சுத்தம் செய்கிறவள் சும்மா விடுவேனா? முந்தாநாள் பௌர்ணமிக்கு சவுண்ட் சர்வீஸ் மொஹ்சின் பாய் அதே பாட்டை அதே பாக்ஸில் போட்டார். நான் அதே இடத்தில் நின்று பதிவு செய்தேன். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திப் பாட்டைக் கழித்தேன். அப்புறம் ஜனங்களின் பேச்சு, கரண்டிச் சத்தம், யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளினேன். ஷெட்டுக்குப் போய் உன் பஸ்ஸின் ஏர் ஹாரனைப் பதிவு செய்து, அந்தச் சத்தத்தைத் தேடினேன். இல்லை, அண்ணா.

அடித்தேன் என்று சொன்னாயே, நிஜமாகவே அடித்தாயா? அடுத்த மாதம் விசாரணை. லைசென்ஸ் போனால் என்ன செய்வாய்?

கோபத்துடன்,
கீர்த்தனா


ஓசூர்,
14.10.2025

அன்புத் தங்கைக்கு,

நீ திட்டி எழுதியதைப் படித்த பிறகுதான் சோறு இறங்கியது.

அடித்தேன் என்றுதான் நினைக்கிறேன் பாப்பா. ஆனால் ஆளுக்கு ஆள் ‘அடிக்கலை’ என்று சொல்லிச் சொல்லி, இப்போது எனக்கே சந்தேகம். ஆட்டோக்கார கோதண்டராமன் கால் ஒடிந்து கிடப்பதை நினைத்தால், அடித்திருக்க மாட்டேன் என்றே தோன்றுகிறது. இதோடு விட்டுவிடு.

ஆனால் ஏர் ஹாரனை ஏன் தேடினாய்? பௌர்ணமி அன்று நடந்து போகிற ஜனம் பதறக் கூடாது என்று காலையிலேயே அதன் ஒயரைக் கழற்றிவிடுவேன். அன்று முழுக்கச் சின்ன ஹாரன்தான். “இன்னாண்ணா, பஸ்ஸு ஸ்கூட்டர் மாரி கத்துது?” என்று கண்டக்டர் ராமதாஸ் கூடச் சிரிப்பான்.

அண்ணன்,
வேணு


வேங்கிக்கால்,
24.10.2025

அண்ணா! அண்ணா! என் அண்ணா!

தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்கூட்டர் என்று எடுத்துத் தள்ளினேனே, அதுதான் நீ! நல்லவேளை, அழிக்கவில்லை. ராமதாஸை விட்டுச் சின்ன ஹாரனை அடிக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தேன். அச்சு அசல் அதேதான். முதலில் குட்டையாக ஒன்று, அடுத்து நீளமாக ஒன்று. அதற்கப்புறம்தான் பிரேக்.

நேராகக் கோதண்டராமன் வீட்டுக்குப் போனேன். ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டார்.

“இது எனக்குக் கேட்டுச்சும்மா. ஸ்கூட்டர்காரன்தானே, நிப்பான்னு நெனச்சு திரும்பிட்டேன். பஸ்ஸுனு தெரியலை. உங்க அண்ணன் ஹாரனே அடிக்கலைனு நானும் சொல்லிட்டேனே. நானே வந்து சொல்றேன்.”

சொன்னபடி கட்டையை ஊன்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். பதிவைக் கேட்ட இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு, உன்மேல் தப்பில்லை என்று விசாரணைக்கு எழுதி அனுப்பிவிட்டார். நேற்றைக்கு உன் முதலாளி வீட்டுக்கே வந்து, “பௌர்ணமிக்கு வேணுவையே வண்டி எடுக்கச் சொல்லும்மா” என்றார். ஜெயித்துவிட்டோம்!

உறையில் பென் டிரைவ் இருக்கிறது. கேள்.

கர்வம் பிடித்த தங்கை,
கீர்த்தனா


ஓசூர்,
30.10.2025

என் தங்கமே,

மேஸ்திரியின் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டேன். அந்த இரண்டாவது அழுத்தல் என் கைதான். யார் சொன்னாலும் இனி சந்தேகப்பட மாட்டேன். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். “பீப் சத்தத்துக்கெல்லாம் அழுவாங்களா?” என்று மேஸ்திரி டீ வாங்கிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் முதலில் கோதண்டராமனைப் பார்க்க வேண்டும். பௌர்ணமிக்கு ஏர் ஹாரனைக் கழற்றத்தான் போகிறேன். ஆனால் சின்ன ஹாரனை மாற்றி, யாரும் ஸ்கூட்டர் என்று ஏமாறாதபடி கனத்த குரலில் ஒன்றைப் போடச் சொல்லி ராமதாஸுக்குச் சொல்லிவிட்டேன். அணைத்துவைத்த போனையும் ஆன் செய்தாயிற்று. ஆனாலும் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

புதன்கிழமை காலை நம் தெருமுனையில் இரண்டு தடவை அடிப்பேன். எதையும் கழிக்காமல் கேட்டுவிட்டு, வாசலுக்கு வா.

உன் அண்ணன்,
டிரைவர் வேணு