நாலாவது ஆள்

என் செல்ல மகளுக்கு,

நீடாமங்கலத்துப் பிராணிகள் காப்பகத்திலிருந்து அப்பா ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கார். ஒரு காது நிமிர்ந்திருக்கு, இன்னொன்னு மடங்கியிருக்கு, வாலோ நரி வால். என்னென்ன கலப்போ, பார்க்கப் பார்க்க ஆச்சரியமா இருக்கு. நேத்து நாற்றங்காலில் இறங்கி முளைவிட்டதையெல்லாம் மிதிச்சிடுச்சு. "குழந்தைதானே, விடு"ன்னுட்டார்.

காப்பகத்துப் பெண், நாய்க்கு நம்ம வீடு சரிப்படுமான்னு பார்க்க வந்தப்ப, "வீட்ல எத்தனை பேருங்க?"ன்னு கேட்டா. நீ கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனதிலிருந்து உன் பேச்சையே எடுக்காத மனுஷன், "நாலு பேரும்மா"ன்னார். நாங்க ரெண்டு பேர், உன்னைச் சேர்த்தா மூணு. நாயையும் சேர்த்துக்கிட்டாரோன்னு நினைச்சேன்.

இன்னிக்குக் காலையில, என் முகத்தைப் பார்க்காம கேட்டார்: "மாப்பிள்ளைக்கு நாய்னா பயமா?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்ததே இல்லையே. நீங்க ரெண்டு பேருமே நேர்ல வந்து சொல்லிடுங்க.

உன் அம்மா